பான்சுன் அக்காவின் கண் கிரீம்

பான்சுன் எனக்கு ஓரகத்தி. எங்கள் மாமியாருக்குப் பிறந்தது மூன்று பிள்ளைகள். மூத்தவர் சாங்தோ. நடுவில் ஒன்று, நாலு வயதில் அம்மை கண்டு போய்விட்டது. கடைசி சாங்சிக், என் வீட்டுக்காரர். மூத்தவருக்கு வாழ்க்கைப்பட்டு கோஜே தீவிலிருந்து வந்தவள் பான்சுன். என்னைவிட ஒரே ஒரு வயது மூப்பு. ஆனாலும் மூத்த மருமகள், அதனால் அவள் எனக்கு அக்காதான்.

மைத்துனர் சாங்தோ முப்பத்தொரு வயதில் சூரை மீன் கப்பலில் ஏறி தெற்குக் கடலுக்குப் போனார். இரண்டு வருஷம் உழைத்தால் நாங்கள் குடியிருந்த யோங்தோ மேட்டை விட்டு இறங்கி, தண்ணீர்க் குழாய் உள்ள வீடு ஒன்று வாங்கிவிடலாம் என்று கணக்கு. பதினாலாம் மாதம் தந்தி வந்தது. கப்பல் மூழ்கிவிட்டது, ஒருவரும் கிடைக்கவில்லை. உடலும் இல்லை, போன நாள் எதுவென்றும் தெரியாது. நாள் தெரியாதவர்களுக்கு ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் தேதிதான் எங்கள் பக்கத்து வழக்கம். அந்த நாளில் அவருக்கு ஒரு கிண்ணம் சோறும் ஒரு கிண்ணம் சாறும் வைத்து, படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிடுவோம். இருந்தது ஒரே படம். கப்பல் வேலைப் பதிவுப் புத்தகத்துக்காக எடுத்தது. தலைமுடியை எண்ணெய் வைத்துப் படிய வாரி, சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கும்.

அக்காவுக்குக் குழந்தை இல்லை. இன்னொரு கல்யாணம் செய்துகொள் என்று மாமியாரே சொல்லிப் பார்த்தாள்.  அக்கா அடுத்த மாதமே அழகுசாதனக் கம்பெனிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாக விற்கக் கிளம்பிவிட்டாள். இருபத்தேழு வருஷம் அந்த மேட்டுப் படிகளில் ஏறி இறங்கினாள். ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் அந்த வீட்டுப் பெண்ணைப் படுக்க வைத்து முகம் தேய்த்துவிடுவாள். விற்பது அப்புறம். வாங்காதவளுக்கும் சின்னச் சின்னப் பொட்டலம் இரண்டு கையில் திணித்துவிட்டு வருவாள்.

அவள் பையில் அதிகம் போனது கண் கிரீம்தான். கண்ணோரச் சுருக்கத்துக்கு. "அரிசி மணி அளவு போதும். மோதிர விரலால தட்டுங்க. அதுதான் பலமில்லாத விரல், தோல இழுக்காது" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பாள். மற்றவர்கள் விட்டுவிட்டுப் போடுவார்கள். அவள் மட்டும் காலையும் மாலையும் ஒரு நாள் தவறியதில்லை. கண்ணாடி முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து, மூச்சு விடுகிற சத்தம்கூடக் கேட்காமல் தட்டிக்கொண்டிருப்பாள். வியாபாரத்துக்கு முகம்தான் விளம்பரப் பலகை என்று நினைத்துக்கொண்டேன். யாருக்குக் காட்ட இவ்வளவும் என்று ஒரு தடவை கேலிகூடச் செய்தேன். இன்றைக்கு நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

என் மகன் கல்யாணம் முடித்து மருமகள் ஹேரானைக் கூட்டிவந்த வருஷம் அக்காவுக்கு அறுபத்தைந்து வயது. புதுப்பெண் பெரியவர்களைப் பார்த்துக் கும்பிட வேண்டும் அல்லவா, அக்கா வீட்டுக்கு அழைத்துப் போனேன். ஹேரான் கும்பிட்டு எழுந்து, பெட்டிமேல் இருந்த படத்தைப் பார்த்தாள். நல்ல பெண், ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லிவிட்டாள்.

"உங்க பையன் ரொம்ப லட்சணமா இருக்காரு, பெரியம்மா. கண்ணு அப்படியே உங்களுது."

அது மைத்துனர் படம். அக்கா சிரித்த முகம் மாறாமல், "ஆமாம்மா, பேரிக்காய் சாப்பிடு" என்று தட்டை நகர்த்தினாள்.

மறுநாள் நானே மன்னிப்புக் கேட்கப் போனேன். அக்கா கிம்ச்சிக்கு முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"அந்தப் பொண்ணு மேல தப்பில்ல. நான் போனப்பறம் உன் மகன்தான எங்களுக்குச் சோறு வெக்கணும்? அவர் படத்துக்குப் பக்கத்துல என் படத்த வெப்பீங்க. அம்மாவும் புள்ளையும் உக்காந்திருக்காங்கன்னுதான் தோணும். அதுக்குப் பயந்துதான் இத்தனை வருஷமா இந்தக் கண்ணத் தட்டிக்கிட்டே இருந்தேன்."

இவ்வளவையும் சொல்லிவிட்டு முள்ளங்கியைத் திரும்ப நறுக்க ஆரம்பித்தாள்.  உப்பை எடுத்துக் கொடுத்தேன்.

அந்த வருஷம் முதியோர் மன்றத்தில் ஆயுள் படம் இலவசமாக எடுத்தார்கள். சாவுக்கு வைக்கும் படம்தான், எடுத்து வைத்துக்கொண்டால் ஆயுள் கூடும் என்று அந்தப் பெயர். எடுத்தவர் பே என்ற ஸ்டுடியோக்காரர். ஒரு வாரம் கழித்து சட்டம் போட்டுக் கொடுத்தார். கண்ணைச் சுற்றி ஒரு கோடு இல்லை, கழுத்து மழமழவென்று இருந்தது. எல்லாக் கிழவிகளும் தங்கள் தங்கள் படத்தைப் பார்த்துப் பூரித்துப் போனார்கள். அக்கா மட்டும் அவரை ஓரமாகக் கூப்பிட்டு, மைத்துனர் படத்தைக் கைப்பையிலிருந்து எடுத்தாள். அழிக்கத் தெரிந்தவருக்குப் போடவும் தெரியுமா, இவரை எழுபது வயதாக்க முடியுமா என்று கேட்டாள். பே தலையைச் சொறிந்தார். முடியும் என்றார்.

படத்தை அவர் எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தார். மதியச் சாப்பாட்டு நேரம், அக்காவும் இருந்தாள். அக்கா உறையைப் பிரித்தாள். நரைமுடி, கன்னத்தில் குழி, கண்ணோரம் கொத்தாகச் சுருக்கம். மடங்கிய காலர் மட்டும் அப்படியே இருந்தது. வெகுநேரம் பார்த்தாள். பிறகு எதிரில் சாறு உறிஞ்சிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். அப்புறம் திரும்பவும் படத்தை. எனக்கும் அப்போதுதான் புரிந்தது. அண்ணன் தம்பி அல்லவா, வயதானால் ஒரே அச்சு.

படத்தை என் பக்கம் தள்ளினாள். "இது உன் புருஷன்டி. எனக்கெதுக்கு?"

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, தனக்கு இவ்வளவு நல்ல படம் யாரும் எடுத்ததில்லை என்றார். மூன்று பேரும் சிரித்தோம். அக்காதான் முதலில் நிறுத்தினாள். இந்த ஆளோடு அவள் ஒரு நாளும் வாழ்ந்ததில்லை. வயதான சாங்தோ என்று ஒருவர் இருக்கவே இல்லை.

பே கிளம்பும்போது அக்கா கைப்பையில் வைத்திருந்த தன் ஆயுள் படத்தையும் திருப்பிக் கொடுத்தாள். "அழிச்ச கோடு எல்லாத்தையும் திரும்பப் போட்டுக் குடுங்க."

இத்தனை வருஷத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை, ஏன் என்றார் அவர்.

"இது அவர் விட்டுட்டுப் போன மூஞ்சியும் இல்ல, இப்ப இருக்கற மூஞ்சியும் இல்ல. பாவம், அவர் எத வெச்சு என்னக் கண்டுபிடிப்பாரு?"

அதற்குப் பிறகும் அவள் கிரீம் போடுவதை விடவில்லை. ஒருநாள் பொதுக் குளியல் கூடத்தில் வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவள் கண்ணடியில் தோல் மெத்தென்று இருந்தது, என்னுடையது காய்ந்த ஆரஞ்சுத் தோல். ஆனால் கோடுகள் அவளுக்கும் எனக்கும் ஏறக்குறைய அத்தனையேதான். அந்தக் கிரீமால் ஏதாவது பிரயோஜனம் உண்டா, விற்றவளே உண்மையைச் சொல் என்றேன்.

"காயாம வெச்சுக்கும். அவ்வளவுதான். விழற கோடு விழத்தான் செய்யும். வெயிலுக்குத் தொப்பி போட்டாலே பாதி வேல முடிஞ்சுது. அது எனக்கு முதல் வருஷமே தெரியும்."

"தெரிஞ்சுமா இன்னும் போடற?"

வெந்நீரைக் கையால் அளைந்துகொண்டு இருந்தாள்.

"ஊரார் மூஞ்சியெல்லாம் நான் தொட்டாச்சு. என் மூஞ்சியத் தொட யாரு இருக்கா? ரெண்டு நிமிஷம் கண்ண மூடிக்கிட்டு தட்டினா, என் விரல்னே தோணாது."

நான் அவள் முதுகைத் தேய்த்துவிட்டேன். 

அக்கா போன வருஷம் பனிக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். இப்போது ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் தேதி அவளுக்கும் சேர்த்தே என் மகன் வீட்டில் இரண்டு கிண்ணம் சோறு, இரண்டு கிண்ணம் சாறு. நாற்பத்தெட்டு வருஷம் ஒரே ஒரு கிண்ணமாக இருந்தது. மடங்கிய காலரோடு முப்பத்தொரு வயதுப் பிள்ளை. பக்கத்தில், ஒரு கோடுகூட விடாமல், பான்சுன் அக்கா. புதிதாக யார் வந்தாலும் அவர்கள் வாயைத் திறக்கும் முன்பே ஹேரான் முந்திக்கொள்வாள். "பெரியப்பா, பெரியம்மா. புருஷன் பொண்டாட்டி" என்று சொல்லிவிட்டு, அவர்கள் சாப்பிட இரண்டு கரண்டிகளையும் சோற்றில் நட்டுவைப்பாள்.