நாற்பத்திரண்டு அடி வேலி

1959ஆம் ஆண்டு யூன் மாதம் 15ஆம் திகதி, திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். முகில் இல்லை. சோழகக் காற்று மாத்திரம் புங்குடுதீவு மடத்துவெளிப் புழுதி முழுவதையும் என் கண்ணுக்குள் கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்தது. ஊர்காவற்றுறையில் பென்சன் அலுவலை முடித்துவிட்டு வீட்டுக்கு வந்த நான், என் வளவுக்கும் பெரியப்பா மகனான அண்ணையின் வளவுக்கும் நடுவில் ஒரு கதிரையைக் கண்டேன். கதிரையில் அண்ணை குடை பிடித்தபடி இருந்தார். காலையில் நான் புறப்பட்டபோது அந்த இடத்தில் வேலி இருந்தது.

நாற்பத்திரண்டு அடி நீளம், ஆறடி உயரம், ஓலை கட்ட நட்ட இருபத்தொரு கிளுவைக் கதியால்கள். ஒன்றையும் காணவில்லை.

"எல்லையில இருக்கிறன்" என்றார் அண்ணை. "பதினொரு மணி துவக்கம் இருக்கிறன். நான் எழும்பினால் எல்லையும் எழும்பிப் போயிடும்."

வேலியைப் பிடுங்குவித்தவள் என் மனைவி. நான் இங்கே பிறந்து, பத்தொன்பது வயதில் மலாயாவுக்குப் போய், றெயில்வேக் கந்தோரில் முப்பத்தாறு வருடம் எழுதுவினைஞனாக இருந்தவன். அந்த வருடம் பெப்ரவரியில்தான் குடும்பத்தோடு திரும்பினேன். திரும்பியது நான் ஒருவன்தான். ஈப்போவில் பிறந்த மனைவிக்கும் இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் புங்குடுதீவு பிறநாடு. ஆறு மாதம் இருந்து பார்ப்பது, ஒத்துவராவிட்டால் ஓகஸ்ட் கடைசியில் வெளிக்கிடும் கப்பலில் அவளும் பிள்ளைகளும் ஈப்போவுக்கு, அவளுடைய தமையன் வீட்டுக்குத் திரும்புவது என்று பேசித்தான் வந்தோம். என் பென்சனில் இரண்டு நாட்டில் இரண்டு குசினி நடத்த ஏலாது. அதைவிட, ஐம்பத்தைந்து வயதில் தனியே இருந்து சோறு காய்ச்ச எனக்குத் தெரியாது.

வந்த முதல் நாள் சின்னவள் கிணற்றைச் சுற்றி நடந்து தண்ணீர்க் குழாயைத் தேடினாள். மூத்தவள் ஒழுங்கையில் போன ஆண்களுக்கெல்லாம் கை காட்டி வணக்கம் சொன்னாள். மூன்றாம் நாள் அவர்களில் இரண்டு பேர் வேறு ஒழுங்கையால் போகத் தொடங்கினார்கள். உவர்த் தண்ணீரில் சவர்க்காரம் நுரைக்கவில்லை. குடிதண்ணீருக்குக் கால் மைல் நடை. இதையெல்லாம் மனைவி பல்லைக் கடித்துப் பழகிக்கொண்டாள். வேலிதான் பழகவில்லை.

ஈப்போவில் றெயில்வே வீடுகளுக்கு நடுவே இடுப்பளவு செவ்வரத்தைச் செடி வரிசைதான் இருக்கும். அதற்கு மேலால் கறி போகும், கதை வரும். இங்கேயோ ஆறடி ஓலைக்கு அப்பால் அண்ணையின் மனைவி இருமுவது கேட்கும், அம்மி அரைப்பது கேட்கும், முகம் தெரியாது. நாலு மாதத்தில் அந்த அக்காவை மனைவி கோயிலில் மூன்று தரம் கண்டிருந்தாள்.

"றேடியோப் பெட்டிக்குள்ள குடியிருக்கிற மாதிரிக் கிடக்கு. சத்தம் மாத்திரம்தான் வருகுது" என்று முறையிட்டாள். காது இருக்கிறதே, போதாதா என்று நான் கேட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை, வேலியின் பழைய ஓலை விலைக்கு வருமா, தோட்டத்தில் பசளையாகப் புதைக்க வேண்டும் என்று கேட்டு ஒருவன் வண்டிலோடு வந்திருக்கிறான். சும்மா கொண்டுபோ, தடியையும் கொண்டுபோ என்று சொல்லிவிட்டாள். அவன் தன் அதிர்ஷ்டத்தை நம்ப முடியாமல் அரை மணித்தியாலத்தில் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

எங்கள் பகுதியில் வேலியைப் பிரிக்கும்போது இரண்டு வளவுக்காரரும் பக்கத்தில் நிற்க வேண்டும். ஓலையை மாற்றலாம், கதியால் அசையக்கூடாது. அரைச் சாண் அசைந்த கதியாலுக்காகப் பேரப்பிள்ளைகள் காலம் வரை வழக்காடிய குடும்பங்கள் உண்டு. இதை நான் மனைவிக்குப் படபடத்துக்கொண்டு விளங்கப்படுத்தினேன்.

"அதுக்கே அந்த மனிசன் வெயிலுக்க இருக்கிறார்? நான் காத்து வாங்கிறார் எண்டு நினைச்சு ரண்டு தரம் தேத்தண்ணி குடுத்தனான்" என்றாள்.

அடுத்த கிழமை அண்ணை, நான் எல்லையை அழித்துக் காணி பிடிக்கப் பார்க்கிறேன் என்று ஊர்காவற்றுறையில் வழக்குப் போட்டார். அவர் வாதாட ஒரு பிரக்கிராசியைப் பிடித்தார். நான் அவரைவிட விலை கூடியவரைப் பிடித்தேன். வழக்கு நாளில் எங்கள் இருவருக்கும் ஒரே பஸ்தான். இருந்த இரண்டு இடமும் பக்கத்தில் பக்கத்தில். வேலணை வரை அவர் இடப்பக்கத்தையும் நான் வலப்பக்கத்தையும் பார்த்துக்கொண்டு போனோம். மத்தியானம் கோட்டு வளவில் நிழல் உள்ள மரம் ஒன்றே ஒன்று. அதன் கீழே ஆளுக்கொரு பக்கம் திரும்பி இருந்து பொட்டலத்தை அவிழ்த்தோம். என்னுடையதில் பிட்டும் முருங்கைக்காய்க் கறியும் பாதி முட்டையும். கை கழுவ எழுந்தபோது அவருடையதைப் பார்த்தேன். பிட்டு, முருங்கைக்காய், மற்றப் பாதி முட்டை.

வேலி இல்லாத இடத்தால் இரண்டு குசினியும் ஒன்றாகிவிட்டதை இரண்டு எதிரிகளும் அப்போதுதான் அறிந்தோம்.

யூலை முடிவில் நில அளவையாளர் சங்கிலியோடு வந்தார். பழைய வேலி என் காணிக்குள் பதினைந்து அங்குலம் தள்ளி நின்றிருக்கிறது என்று சொன்னார். அதாவது ஐம்பத்திரண்டரைச் சதுர அடி என்னுடைய நிலத்தை அண்ணையின் குடும்பம் ஆண்டிருக்கிறது. எனக்கு வெற்றி. புது எல்லையில் உடனே வேலியை அடையுங்கள் என்றார் என் பிரக்கிராசி. வீட்டுக்கு வந்து சந்தோஷமாகச் சொன்னேன்.

மனைவி கத்தவில்லை. "வெண்ட இடத்தில வேலியை அடையுங்கோ. கப்பலுக்கு இடம் எடுக்கச் சொல்லி நான் அண்ணாவுக்கு எழுதுறன். பத்தாம் திகதிக்கு முதல் காசு கட்ட வேணுமாம்" என்றாள். பத்தாம் திகதிக்கு ஒன்பது நாள் இருந்தது.

நான் அண்ணையிடம் போனேன். வழக்கும் வேண்டாம், வேலியும் வேண்டாம், அந்தப் பதினைந்து அங்குலத்தையும் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"எனக்குப் பிச்சையோ போடுறாய்? தம்பியின்ர காணியை விழுங்கினவன் எண்டு நாளைக்குச் சனம் சொல்லும். வேலி வரத்தான் வேணும். உன்ர எல்லையில வேணும்."

என் காணியைத் தரமாட்டேன் என்று வழக்காடியவர், இப்போது அதை நான் வாங்காவிட்டால் வழக்கு என்று நின்றார். நான் வேர்த்துப்போய் அவருடைய விறாந்தையில் இருந்துவிட்டேன். அப்போது உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது.

"அடைக்கிறதெண்டால் அடையுங்கோ. எவ்வளவு உயரமெண்டு நாங்கள் சொல்லுறம்."

இரண்டு பெண்களும் எல்லைக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். மனைவி தன் தோளைக் காட்டினாள். அது அக்காவின் மூக்குக்கு வந்தது. அக்கா தன் நெஞ்சுக்குக் கீழே கையை வைத்தாள். மூன்றரை அடி. வேலி அடைக்க வந்தவன் தடியையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தான்.

"ஐயா, இதுக்கு ஓலை வீண். ஆடு நித்திரையிலயே தாண்டும்."

அண்ணை அதற்குள் மூன்று தரம் நூல் பிடித்து, எல்லை சரி என்று திருப்திப்பட்டு, குடையை மடக்கிக்கொண்டு போய்விட்டார். அவருக்கு வேண்டியது கோடு, உயரம் இல்லை.

ஐந்தாம் நாள் ஆடு தாண்டியது. ஓலையில் ஒரு பகுதியையும், மனைவி நட்ட செவ்வரத்தைக் கன்றுகளையும் தின்றது. ஒரு பக்கம் மனைவியும் மறுபக்கம் அக்காவும் நின்று துரத்த, அது வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாகப் பாய்ந்தது. அன்றுதான் மனைவி இந்தத் தீவில் வாய்விட்டுச் சிரித்ததைக் கேட்டேன். பத்தாம் திகதி வந்தது, போனது. கப்பலுக்கு எழுதினாயா என்று கேட்க எனக்குப் பயம். பன்னிரண்டாம் திகதி நானாகவே கேட்டேன்.

"ஆட்டை ஆர் பாக்கிறது?" என்றாள்.

எனக்கு முடிந்த செலவு: பிரக்கிராசிக்கு நூற்றெழுபத்தைந்து, நில அளவையாளருக்கு எண்பது, முத்திரைக்குப் பதினைந்து, பஸ்ஸுக்கு ஐந்து ரூபாய் நாற்பது சதம், வேலிக்கு முப்பத்தெட்டு ரூபாய் இருபத்தைந்து சதம், ஆடு தின்ற ஓலையை மாற்ற ஒன்பதரை. ஆக முந்நூற்று இருபத்து மூன்று ரூபாய் பதினைந்து சதம்.