ஏரிக்கரைக்கு நேர்ந்த வாத்து

அந்த வாத்தைப் பிடித்தது நான்தான். வேறு யார் மேலும் பழி இல்லை. இத்தனை வருஷம் இதை யாரிடமும் சொல்லாமல் இருந்துவிட்டேன். என் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை, அவளும் போய்விட்டாள். இப்போது எழுதிவைக்கிறேன்.

இரண்டாம் யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷம். பாகூர் ஏரியை ஒட்டிய ஓர் ஊரில், பிரெஞ்சு அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியர். வயது இருபத்தாறு. புதுவையில் படித்துத் தேறியவன் என்ற தலைக்கனம் நிறைய இருந்தது. மனைவி தலைப்பிரசவத்துக்காக வில்லியனூரில் தாய்வீட்டில் இருந்தாள். பகலில் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுப்பேன். மற்ற நேரமெல்லாம் பட்டணத்துக்கு எப்போது மாற்றல் கிடைக்கும் என்ற ஒரே நினைப்பு.

மாற்றல், பள்ளி இன்ஸ்பெக்டர் கையில் இருந்தது. அவர் பிரெஞ்சுக்காரர், வயதானவர், தனியாள். தை மாதம் பள்ளியைப் பார்வையிட வந்தார். வேலை முடிந்து மரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தோம். அறுவடையான வயலில் ஒருவன் வாத்துக் கூட்டம் மேய்த்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்தபடியே, தன் ஊரில் ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா ஒரு முழு வாத்தை உருளைக்கிழங்கோடு சுடுவார் என்றும், வாத்தின் கொழுப்பெல்லாம் கிழங்கில் இறங்கிவிடும் என்றும், அந்தக் கிழங்கைச் சாப்பிட்டுப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது என்றும் சொன்னார். நான் யோசிக்கவே இல்லை. "வருகிற ஞாயிறு என் வீட்டுக்கு வாருங்கள், முசே. அதையே சாப்பிடலாம்" என்றேன்.

அப்படிச் சொல்ல எனக்கு இருந்த தைரியம் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. உறவு இல்லை, கூப்பிடுகிற முறை அது. கணவர் இறந்தபின் பட்டணத்தில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறையில் பத்து வருஷம் வேலை செய்தவர். ஒரே மகன் சைகோனில் சுங்கத்தில் காவல் வேலை பார்த்தான். அவனிடமிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். நான் படித்துச் சொல்வேன், பதிலும் எழுதித் தருவேன். மனைவி ஊரில் இல்லாததால் எனக்கும் அவரே சமைத்துப் போட்டார்.

பெரியம்மாவிடம் ஒரு வாத்து இருந்தது. எங்கள் பக்கத்தில், கடல் தாண்டிப் போகிறவர் பேரில் ஓர் உயிரை நேர்ந்துவிடும் வழக்கம் உண்டு. ஆட்டுக்குட்டியோ சேவலோ, அவரவர் வசதி. போனவர் திரும்பி வரும் நாளில்தான் அதை அம்மனுக்கு அறுத்துச் சமைத்து முதல் இலையை அவருக்குப் போடுவார்கள். அதுவரை யாரும் கை வைக்கக் கூடாது. மகன் கப்பலேறிய அன்று பெரியம்மா ஒரு வாத்துக் குஞ்சின் காலில் மஞ்சள் கயிறு கட்டி ஏரிக்கரை அம்மனுக்கு விட்டார். தண்ணீரில் போனவனுக்குத் தண்ணீரில் பிழைப்பது.

அது பகலெல்லாம் ஏரியில் கிடக்கும். விளக்கு வைக்கும் நேரத்தில் வாசலில் நின்று "பாக், பாக், பாக்" என்று கூப்பிடுவார். கரையேறி நேராக அவர் வாசலுக்கு வரும். ஒரு பிடி சோறு வைப்பார். அது தின்று முடிக்கும்வரை தான் சாப்பிட மாட்டார்.

"இது துன்னா அங்க அவன் துன்னான்னு அர்த்தம், தம்பி" என்பார்.

நான் படித்தவன் அல்லவா, சிரிப்பேன். ஒருமுறை நாய் கடித்து அதன் இடது இறக்கை ஒடிந்தது. மூங்கில் சிம்பு வைத்துக் கட்டி, பற்றுப் போட்டு, எலும்பு கூடும்வரை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தார். அடுத்து வந்த கடிதத்தில், படியில் விழுந்து இடது கை ஒடிந்துவிட்டது, கட்டுப் போட்டிருக்கிறேன் என்று மகன் எழுதியிருந்தான். நான்தான் அதைப் படித்தேன். தற்செயல் என்றேன். பெரியம்மா வாத்தின் இறக்கையைத் தடவிக்கொடுத்தார்.

வாத்து மேய்ப்பவன் எனக்கு ஒரு வாத்து தருவதாகச் சொல்லியிருந்தான். சனிக்கிழமை மாலை போனேன். வயலில் இறகும் கால் தடமும்தான் இருந்தன. வெற்றிலைக் கடை பாயிடம் விசாரித்தேன்.

"அவன் காலையிலேயே கூட்டத்த ஓட்டிக்கினு இங்கிலீஷ்காரன் எல்லைக்குப் போயிட்டானே, வாத்தியாரே. இன்னா, தொரை வராருன்னு வூட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறீங்களாமே? பாத்து, அப்படியே உங்க மூஞ்சியிலயும் ரெண்டு பூச்சு பூசிக்கப் போறீங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "பேசாம கோழிய வச்சு ஆக்கிடுங்க. ரெண்டு காலு, ரெண்டு ரெக்க. தொரை இன்னா மூக்கயா கடிச்சுப் பாக்கப் போறாரு?" என்றார் பாய்.

நான் சிரிக்கவில்லை. ஏரிக்கரை வழியாகத் திரும்பினேன். வெயில் தாழ்ந்துவிட்டது. கரையில் ஆள் இல்லை. பெரியம்மாவின் வாத்து மட்டும் தண்ணீரில் தனியாக இருந்தது. வீட்டுக்கு இன்னும் அழைப்பு வரவில்லை போலும்.

நான் நின்றேன். பிறகு, பெரியம்மா கூப்பிடுவது போலவே, "பாக், பாக், பாக்" என்றேன்.

அது வந்தது. கயிறு கட்டிய காலோடு சேற்றில் மெதுவாக ஏறி என் காலடியில் வந்து நின்று சோற்றுக்காகத் தலையைத் தூக்கிப் பார்த்தது. கழுத்தைத் திருகியபோது அது கத்தவில்லை. துண்டில் சுற்றிக்கொண்டிருந்தபோது ஊர்ப்பக்கமிருந்து, நான் கூப்பிட்ட அதே குரலில், அதே மூன்று அழைப்பு கேட்டது. துண்டுக்குள் என் கையில் ஏதோ அசைந்தது. உயிர் போன உடம்பு சற்று நேரம் துடிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் துண்டைக் கீழே போட்டுவிட்டேன். பிறகு எடுத்துக்கொண்டேன்.

தலையையும் கயிற்றோடு கால்களையும் பேனாக்கத்தியால் வெட்டிக் கரைச் சேற்றில் புதைத்தேன். வீட்டில் கதவைச் சாத்தி, வெந்நீரில் முக்கி இறகைப் பிடுங்கினேன்.

ஞாயிறு காலை பெரியம்மா சமைக்க வந்தார். கண் சிவந்திருந்தது.

"தம்பி, நேத்து வாத்து வூட்டுக்கு வரல. நீங்க எங்கனா பாத்தீங்களா?"

"அந்தக் கூட்டத்தோட சேந்து போயிருக்கும், பெரியம்மா. வந்துடும்."

"இத்தினி வருசத்துல ஒரு நாளும் போனதில்லியே" என்றவர், பலகையில் இருந்ததைப் பார்த்தார். "இது எங்க வாங்கினது?"

"எல்லை தாண்டிப் போய் வாங்கியாந்தேன்."

"தலை, காலெல்லாம்?"

"அவனே வெட்டிக் குடுத்துட்டான்."

அவர் வேலையில் இறங்கினார். மிளகும் பூண்டும் உப்பும் தட்டி வெண்ணெயில் குழைத்தார். கொழுப்பு இறங்கட்டும் என்று தோலில் கோணி ஊசியால் அங்கங்கே குத்தினார். பட்டணத்துச் சந்தையிலிருந்து நான் வாங்கி வந்த சிறு உருளைக்கிழங்குகளைத் தோல் சீவி முழுதாக வைத்தார். பிறகு வெண்ணெயைக் கையில் எடுத்துத் தடவத் தொடங்கினார். மார்பு, முதுகு, வலது இறக்கை. இடது இறக்கையில் கை நின்றது.

விரல்கள் அந்த எலும்பின் மேல் ஒருமுறை போய் வந்தன. இன்னொரு முறை போய் வந்தன. நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"நல்ல வாத்து" என்றார். தடவி முடித்தார்.

வெள்ளைக்காரர் வீட்டில் இருப்பது போன்ற மூடிய அடுப்பு என் வீட்டில் கிடையாது. பெரிய தேக்சாவில் வாத்தை வைத்து, சுற்றிலும் கிழங்கை அடுக்கி மூடி, அடியில் கொஞ்சம் தணலும் மூடியின் மேல் கொட்டாங்குச்சிக் கங்குகளும் போட்டார். ஈரலையும் இதயத்தையும் தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்தார். நான் கூடத்துக்குப் போய் மேசை விரிப்பைச் சரி செய்தேன். வீடு முழுக்க வாசனை பரவியது. அப்போது சமையலறையிலிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"பாக், பாக், பாக்."

எட்டிப் பார்த்தேன். பெரியம்மா தேக்சாவுக்கு எதிரில் குந்தி அதைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். மூடியின் விளிம்பில் ஆவி முட்டி ஓர் ஓசை எழுந்தது. தூங்கப் போகும் வாத்து தொண்டைக்குள் முனகுமே, அப்படி. கொழுப்பு கொதிக்கும் சத்தம்தான் அது. அவர் நிறுத்தினால் அதுவும் நின்றது. அவர் கூப்பிட்டால் மறுபடி எழுந்தது.

இன்ஸ்பெக்டர் மோட்டாரில் வந்தார், கையில் ஒயின் பாட்டிலோடு. பெரியம்மா வாத்தை முழுதாகத் தட்டில் கொண்டுவந்து வைத்தார். தோல் பொன்னிறமாக இருந்தது. முதல் கிழங்கை வாயில் போட்டதும் அந்த மனிதர் பேச்சை நிறுத்திவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் சாப்பிட்ட அழகை இன்றும் குறை சொல்ல மாட்டேன்; பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது.

நான் கிழங்கை மட்டும் கொறித்தேன். பெரியம்மா உள்ளிருந்து அந்தக் கிண்ணத்தைக் கொண்டுவந்து என் முன் வைத்தார். ஈரலும் இதயமும் வெண்ணெயில் வதங்கியிருந்தன.

"இது உங்களுக்கு."

"வயிறு நிறைஞ்சிடுச்சு, பெரியம்மா."

"துன்னுங்க, தம்பி."

எங்கள் ஊரிலும் அது வீட்டுத் தலைவனுக்குத்தான் என்று சொல்லி இன்ஸ்பெக்டர் சிரித்தார். நான் தின்றேன். விழுங்கும்வரை பெரியம்மா என் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மோட்டார் போனபின் தேக்சாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டே பேசினார்.

"அந்த ரெக்க எலும்ப நான் கட்டினது, தம்பி. எனக்குத் தெரியாதா?"

நான் காலில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. "தெரிஞ்சும் ஏன் சமைச்சீங்க?" என்று கேட்டேன். என்ன கேள்வி அது!

"பின்ன இன்னா பண்ணச் சொல்றீங்க? மண்ணுல பொதைச்சா எம்புள்ள மண்ணுக்குப் போவான். யாரு வவுத்துலனா இருக்கணும் அந்த உசுரு. தொரை நாளைக்குக் கப்பலேறிப் பூடுவாரு. நீங்க இங்கியே இருக்கிற ஆளு." தேக்சாவைக் கவிழ்த்து வைத்தார். "நாளையிலேர்ந்து வௌக்கு வைக்கிற நேரத்துல கூப்புடறேன். வந்து ஒரு பிடி துன்னுட்டுப் போங்க. எம்புள்ள வர வரைக்கும்."

குரலில் கோபமே இல்லை. ஒரு வசவு, ஒரு சாபம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

மறுநாள் அந்தியில் வாசலில் நின்று கூப்பிட்டார். "தம்பி" என்றோ "வாத்தியாரே" என்றோ இல்லை. "பாக், பாக், பாக்." போகக் கூடாது என்று உட்கார்ந்திருந்தேன். ஆனால் வயிறு திடீரென்று காலையிலிருந்து காய்ந்தது போலப் பசித்தது. போனேன். ஒரு பிடி சோறு. நான் தின்று முடித்த பிறகு அவர் சாப்பிட்டார்.

சித்திரையில் மாற்றல் உத்தரவு வந்தது. வாத்து வாங்கிக்கொடுத்த மாற்றல்.

"பட்டணத்துல நான் கூப்புடறது கேக்குமா?" என்றார்.

"எப்படிக் கேக்கும், பெரியம்மா?"

"கேக்கும்."

போய்விட்டேன். விடுமுறைக்குக்கூட அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. கடற்கரைப் பக்கம் நல்ல வீடு, மனைவி, குழந்தை. ஆனால் விளக்கு வைக்கும் நேரம் வந்தால் சோறு எனக்கு இறங்காது. தட்டைத் தள்ளிவிட்டு வாசலுக்கு வருவேன். என்னத்தைப் பார்க்கிறீர்கள் என்பாள் மனைவி.

யுத்தம் வந்தது. சைகோனிலிருந்து கடிதங்கள் நின்றன. கப்பல் இல்லை, எல்லார் வீட்டுக்கும்தான் நின்றது. அதை நான் அறிவேன். ஒரு நாள் அந்தியில் வாசலுக்கு வந்தபோது தெருவில் பெரியம்மா நின்றிருந்தார். காலெல்லாம் புழுதி. பாகூரிலிருந்து நடந்தே வந்திருந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே ஒரு பிடி சோறு.

"மூணு மாசமா காயிதம் இல்ல, தம்பி. நீங்க சரியா சாப்புடறதில்லியா?"

தெருவில் நின்றபடியே தின்றேன். அடுத்த வாரம் பழைய ஊருக்கே மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்தேன். எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று இலாகாவில் பேசிக்கொண்டார்கள். மனைவி ஒரு மாதம் முகம் கொடுக்கவில்லை.

யுத்தம் முடிந்தது. சைகோன்காரர்கள் சிலர் பெட்டியும் பிள்ளைகளுமாகத் திரும்பினார்கள். அவன் வரவில்லை. செத்தான் என்ற தாளும் வரவில்லை. பெரியம்மா தினமும் கூப்பிட்டார்; நான் தினமும் போனேன். சாகும்போது அவருக்குக் குரல் இல்லை, உதடு மட்டும் மூன்று முறை அசைந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பார்க்கத் தின்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை.

எனக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. ஆயுள் கெட்டி என்று வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். பெரியம்மாவின் மகன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். இத்தனை வருஷம் சேதி இல்லாதவன் உயிரோடு இருக்க வழியில்லை. ஆனாலும் அவன் வந்து தின்ன வேண்டிய விருந்தை நான் தின்றேன். நான் நிறுத்தினால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க எனக்கு உரிமை இல்லை.

இரவில் கஞ்சி மட்டும் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தியில் ஒரு பிடி சோற்றை மருமகளிடம் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். இன்று அது தொண்டையில் இறங்கவில்லை. மூன்று முறை தண்ணீர் குடித்து இறக்கினேன். வாசலில் யாரும் இல்லை. ஆனாலும், நான் முடிக்கும்வரை அங்கே யாரோ சாப்பிடாமல் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது.