ஒரு முழம் குறைந்த கழி

என் அத்தையின் வீட்டுக்காரரைப் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவர் என்று ஊரில் சொல்வார்கள். அது பாதிதான் சரி. மாமா வந்துவிட்டார், பட்டாளம்தான் அவரை விடவில்லை. ரிசர்வ் என்று ஒன்று இருந்தது. வீட்டிலிருந்து உப்பளத்து வேலைக்குப் போகலாம். கடிதம் வந்தால் கிளம்பிவிட வேண்டும். விடுதலைக் கடிதம் வரும்வரை, வருஷக் கணக்கில் அப்படித்தான்.

இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பயிற்சிக்குக் கூப்பிடுவார்கள். தகரப் பெட்டியோடு திண்டிவனம் போய் ரயில் ஏறுவார். இரண்டு மாதத்தில் இளைத்துக் கறுத்து வருவார். உப்புக் காற்றில் அந்தப் பெட்டி துருப்பிடிக்காமல் இருக்க அத்தை அதற்குத் தேங்காய் எண்ணெய் தடவுவாள். தன் தலைக்குக்கூட அவள் அவ்வளவு வைத்துக்கொண்டதில்லை.

போகும்போதெல்லாம் மாமா உப்பு வாரும் பலகையைச் சுவரில் சாத்திவிட்டு, "எவனும் தொடாதீங்கடா" என்பார். அவர் நல்ல உயரம். பலகையின் சவுக்குக் கழியும் அதற்கேற்ற நீளம்.

ஒரு கோடையில், பாத்தியில் உப்பு விளைந்து நிற்கும்போது கடிதம் வந்தது. மாமா படித்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டார். அத்தைக்கும் எனக்கும் எழுத்து தெரியாது.

"ட்ரெய்னிங்தான்."

"போன வருசந்தான போய்ட்டு வந்தீங்க?"

"கூப்புட்றான், இன்னா பண்றது."

அன்று சாயங்காலம் ரம்பம் எடுத்துவந்தார். அத்தையை நிற்க வைத்துக் கழியை அவள் உயரத்துக்கு அளந்து, ஒரு முழம் அறுத்தார். நுனியைப் பிடித்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு.

"உங்களுக்குக் குட்டையா பூடுமே மாமா."

"நான் வந்து வேற போட்டுக்கறேன்டா."

 அத்தை கீழே விழுந்த துண்டை எடுத்துக் கூரையில் செருகினாள்.

"கில்லி ஆட குடேன் அத்தை."

"தரமாட்டேன், போடா."

அந்த வருஷம் முழுக்க உப்பு வாரியது அத்தைதான். டீக்கடை ரேடியோவில் சண்டைச் செய்தி வந்தால், அவள் அந்தப் பக்கம் வரும்போது யாராவது எழுந்து சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள். ரேடியோ கெட்டுப்போயிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

பத்து மாதம் கழித்து மாமா வந்தார். யார் கேட்டாலும் "ட்ரெய்னிங்தான்" என்றார். மறுநாளே பாத்தியில் இறங்கி, குட்டைக் கழியோடு குனிந்து குனிந்து வாரினார். தோப்பில் நல்ல கழியாகப் பார்த்து வெட்டிவருகிறேன் என்றேன். அத்தை விடவில்லை.

"அந்தக் கடைசிக் காயிதம் வரட்டும். அதுவரைக்கும் இதுவே இருக்கட்டும்."

அது வர மேலும் மூன்று வருஷம் ஆனது. மாமா படித்துச் சொன்ன அன்று, அத்தை தானே தோப்புக்குப் போய் நெட்டைக் கழி ஒன்றைத் தோளில் தூக்கிவந்து அவர் முன்னால் போட்டாள். பிறகு கூரையில் இருந்த கழித் துண்டை உருவி, அவர் குளிக்க வெந்நீர் போட்ட அடுப்பில் வைத்தாள். அது எரிந்து முடியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். புகை இல்லை, ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

எனக்கு அவள்மேல் கோபம்தான். கில்லிக்குக் கேட்டபோது கொடுக்காத நல்ல கட்டை.