பாட்டுக்கு முன்னால் இருந்த குரல்

என் அண்ணனின் குரல் ஒரே ஒரு கேசட்டில் இருந்தது. அதை நானே எடுத்துக் கொடுத்தேன்.

அண்ணன் திருவனந்தபுரத்தில் மைக்செட் வைத்திருந்தான். நான் ஒயர் இழுப்பேன், பெட்டி சுமப்பேன். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் நாங்கள். அப்போது இங்கே இங்கிலீஷ் பாட்டுப் பாடும் ராக் கோஷ்டி ஒன்று இருந்தது. முடி வளர்த்த ஐந்து பேர். அவர்கள் கச்சேரிக்கெல்லாம் எங்கள் மைக்தான். எனக்கு ஒரு வரி புரியாது. அண்ணனுக்கும் அப்படித்தான். ஆனாலும் ஒரு தடவை ஆம்ப்ளிஃபயரில் ஒயர் சொருகிக் கேசட்டில் பிடித்து வைத்தான்.

பாட்டுக்கு முன்னால் மைக் டெஸ்ட். "ஹலோ, ஹலோ. ஏலே, பின்னால கேக்குதாலே?" நான் கடைசியில் நின்று கையைத் தூக்குவேன். அவன் கேட்டது அந்தக் கேசட்டில் பதிந்திருந்தது. அடுத்த மழைக்காலத்தில் கரண்ட் அடித்து அண்ணன் போய்விட்டான்.

கேசட் தகரப் பெட்டியில் கிடந்தது. போட்டுக் கேட்க மெஷின் இல்லை. மெஷின் இருந்த நாளில் கேட்க மனசு வரவில்லை.

இப்போது பழவங்காடிப் பக்கம் ஒரு ஓட்டலில் தோசைக்கல்லில் நிற்கிறேன். போன வருஷம் ஒரு சார் என்னைத் தேடி வந்தார். கோட்டைக்குள் அக்கிரகாரத்துக்காரர், பேங்கில் ரிட்டயர் ஆனவர். அந்தக் கோஷ்டிக்கு இன்னும் ரசிகர்கள் உண்டாம். வெளிவராத கச்சேரிகளைத் தேடிப் பிடித்து, எது எங்கே பாடியது என்று கண்டுபிடிப்பார்களாம்.

கேசட் இருக்கிறது என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு கேடும் வராது அண்ணாச்சி. இனி ஃபோன்லயே கேக்கலாம், பாருங்கோ."

எனக்கு எது வேண்டும் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. கேசட்டை மட்டும் கொடுத்தேன்.

ஒரு மாசம் கழித்து வந்தார். மத்தியானக் கூட்டம் ஓய்ந்திருந்தது.

"எங்க ரசிகர் குரூப்பில ஒரே அடி. காலேஜ் ஹால்னு பாதிப் பேர், சங்குமுகம் பீச்சுன்னு பாதிப் பேர். ரெண்டு பேர் இதனால பேச்ச நிறுத்திட்டா, மிண்டறதே இல்லை. நீங்க சொல்லுங்கோ."

ஃபோன் ஒயரை என் காதில் மாட்டிவிட்டார். நேரே பாட்டுத் தொடங்கியது.

பின்னால் எங்கள் ஜெனரேட்டர் இரைந்தது. காற்று மைக்கில் மோதியது.

"சங்குமுகம்" என்றேன். "ஹால்ல ஏது சார் இந்தக் காத்து?"

"நான் அப்பவே சொன்னேன்! இனி அவன் மூஞ்சியப் பாக்கணும்." மேஜையைத் தட்டிச் சிரித்தார்.

"சார், பாட்டுக்கு முன்னால ஒண்ணு உண்டே?"

"அதுவா? டேப் ஆரம்பத்தில பூசணம் பிடிச்சு ஒட்டிண்டிருந்தது. ஒரு தடவைதான் ஓடித்து, அப்புறம் அறுந்து போச்சு. அந்தத் துண்ட வெட்டிட்டுதான் மிச்சத்த கம்ப்யூட்டர்ல ஏத்தினோம். பாட்டு ஒண்ணும் போகலை. யாரோ ஒருத்தன் ஏலே ஏலேன்னு கத்திண்டிருந்தான். சிரிச்சே போயிட்டோம். யாரது?"

"மைக்செட் ஆள்" என்றேன். "துண்டு இருக்கா சார்?"

"குப்பையில போட்டாச்சே. எதுக்கு?"

"சும்மா."

மூன்றாவது பாட்டில் மைக் கீச்சென்று கத்தியது. உடனே அடங்கியது. அண்ணன் கைதான் திருகி அடக்கியிருக்கும். அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னேன்.

"அசிங்கமா இருக்கு, இல்லே? குரூப்பில ஒருத்தர் இதெல்லாம் சுத்தம் பண்ணுவார். எடுத்துடலாம்."

"இருக்கட்டும் சார்."

"கேக்க நன்னாவா இருக்கு?"

"இருக்கட்டும்."

"சரி, சொல்லிப் பாக்கறேன்."

சொன்னாரோ என்னவோ. மறுவாரம் என் ஃபோனுக்குப் பாட்டு வந்தது. சங்குமுகம் என்று எழுதியிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். மூன்றாவது பாட்டைப் போட்டேன். ஜெனரேட்டர் இல்லை. காற்று இல்லை. கீச்சும் இல்லை. பாட்டு சுத்தமாக இருந்தது. எனக்கு ஒரு வரி புரியவில்லை.