நூற்றுப்பத்துக்கு எழுபது

ஆஸ்பத்திரியில், மருந்துப் பெட்டிகள் அடுக்கிய மாடி அறையின் மூலையில்தான் அந்த நர்ஸின் மேசை. நோயாளிகள் யாரும் அங்கே ஏறி வருவதில்லை. கர்ப்பிணிகள் தினமும் காலையில் வீட்டிலேயே ரத்த அழுத்தம் பார்த்து, செல்போன் ஆப்பில் பதிவார்கள். அவள் ஒவ்வொன்றாகப் படித்துப் பதில் போடுவாள். மற்ற நர்சுகள் 'செல்போன் டாக்டர்' என்று கிண்டலடிப்பார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற பிறவி அவள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பொறி தட்டியது. ஏழு பெண்கள், பதினைந்து நாளாக, ஒரே அளவு: 110/70. கடிகாரம்கூட அவ்வளவு ஒழுங்காக ஓடாது. ஏழு பேரின் விவரத்தையும் புரட்டினாள். எல்லோருமே ஏதோ வழக்கில் சிறைக்குப் போகாமல், வாராவாரம் கண்காணிப்பு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள். ஆப்பைத் திறந்தாள். அளவை எழுதும் கட்டத்தில், மாதிரிக்காக வெளிர் நிறத்தில் கிடந்தது அதே 110/70.

ஏழு பேரில் எட்டு மாதம் ஆனவள், சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். முதலில் அவளைப் பார்த்தாக வேண்டும். நர்ஸ், வேன் ஓட்டும் தன் அண்ணனுக்கு போன் போட்டாள்.

"அண்ணா, வேன்ல சாமான் ஏத்திட்டியா?"

"இன்னும் இல்ல. ஏன்?"

"ஏத்தாத. ஒரு ஆளை ஏத்தணும்."

கடைக்குள் ஒரே ஆவி. இஸ்திரிக்காரியின் பாதங்கள் செருப்புக்குள் அடங்காமல் வீங்கியிருந்தன.

"நான் நல்லாத்தான் இருக்கேன் சிஸ்டர்."

"கையை நீட்டு."

170/110.

"தலைவலி இருக்கா?"

"நாலு நாளா. கண்ணு முன்னால பூச்சி பறக்குது."

"அப்புறம் ஏம்மா பொய் எழுதின?"

"அதுல எழுதுறதெல்லாம் ஆபீசருக்குப் போகுதாமே. அளவு தப்பா இருந்தா, எதையோ குடிச்சிருக்கோம்னு உள்ள தள்ளிடுவாங்களாம். கையெழுத்து வரிசையில பேசிக்கிட்டாங்க."

"அந்த ஆபீசர் தலைகீழா நின்னாலும் அதைப் பார்க்க முடியாது. கிளம்பு, ஆஸ்பத்திரிக்கு."

அவள் இஸ்திரிப் பெட்டியை விடவில்லை. "மூணு மணிக்குக் கையெழுத்து. ஏற்கெனவே ஒண்ணு விட்டுட்டேன். இன்னொண்ணு விட்டா ஜெயில்தான். பிள்ளையை அங்கயா பெக்கச் சொல்றீங்க?"

"கையெழுத்து உன்னைத் தேடி வரும். நான் பொறுப்பு."

நர்ஸ் அவளைப் பிரசவ வார்டில் சேர்த்துவிட்டு, அதே வேனில் கண்காணிப்பு அலுவலகத்துக்கு ஓடினாள்.

அதிகாரி நிமிர்ந்தே பார்க்கவில்லை. "வரலைன்னா வரலைன்னுதான் எழுதுவேன். வேற அதிகாரம் எனக்கு இல்லம்மா."

"அப்ப கையெழுத்து நோட்டைத் தூக்கிட்டு நீங்க வாங்க சார். கால் மணி நேரம்தான்."

"அப்படியெல்லாம் வழக்கம் இல்ல."

அவள் ஒரு தாளை அவர் முன் விரித்தாள். அளவு, பார்த்த நேரம், 'உயிருக்கு ஆபத்து' என்ற டாக்டரின் குறிப்பு. "சரி சார். இதுக்குக் கீழ, 'கூப்பிட்டாங்க, நான் போகலை'ன்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

அதிகாரி தாளைப் பார்த்தார். பேனாவைப் பார்த்தார். பிறகு நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

மூன்றுக்குப் பத்து நிமிடம் இருந்தது. வலது கையில் குளுக்கோஸ் ஏற, இஸ்திரிக்காரி இடது கையால் கோணல்மாணலாகக் கிறுக்கினாள்.

"கையெழுத்து மாறுதே," என்றார் அதிகாரி.

"கைதான் மாறியிருக்கு சார். ஆள் அதே ஆள்தான்."

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அன்று மாலை ஆபரேஷனில் பெண் குழந்தை. இரண்டு கிலோ நூறு கிராம். வார்டே அதிரும்படி அழுதது. தாயும் பிழைத்துக்கொண்டாள்.

மற்ற ஆறு பேரையும் நர்ஸ் மறுநாளே கையெழுத்து வரிசையில் பிடித்தாள், கையில் பிரஷர் கருவியோடு. அவர்கள் மிரண்டு அதிகாரியைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பார்க்கிறீங்க? அந்த அளவு எனக்கு வராது," என்றார் அவர். "ஆஸ்பத்திரியில படுத்தா, அங்கயே வந்து கையெழுத்து வாங்கிக்கிறேன்."

"பிரசவ ரூமுக்குள்ளயுமா சார்?" என்றாள் வரிசையில் ஒருத்தி.

ஆறு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "சிரிச்சா அளவு ஏறும், கொஞ்சம் சும்மா இருங்கடி," என்று அதட்டிக்கொண்டே, முதல் கையில் பட்டையைச் சுற்றினாள் நர்ஸ்.