மகளின் வண்டிக்குப் பின்னால்

என் மகள் தினமும் காலையில் பெரம்பலூரிலிருந்து ஸ்கூட்டியில் அரியலூர் கோர்ட்டுக்குப் போவாள். பாதி வழி வரைக்கும் அவளுக்குத் தெரியாமல் நான் பைக்கில் பின்னால் போவேன். தெரியாமல் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் மக்காச்சோளக் காட்டோரம் வண்டியை நிறுத்தி இறங்கி என்னிடம் நடந்து வந்தாள்.

"நீங்க பின்னாடி வர்றதைப் பாத்துட்டு சீனியர் ஆபீஸ்ல கேக்குறாங்கப்பா, இன்னைக்கு போலீஸ் பாதுகாப்பு வரலையான்னு."

"சும்மா இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன்மா."

"நீங்க பாடம் நடத்துற ஸ்கூல் குரும்பலூர்ல இருக்கு. இந்தப் பக்கம் என்ன வேலை?"

வக்கீல் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, குறுக்கு விசாரணை நன்றாக வந்துவிட்டது. அவள் குரல் தணிந்தது.

"இந்தப் பயத்துக்கு யார்கிட்டயாவது போய்க் காட்டுங்கப்பா. இல்லேன்னா கோர்ட்டுக்குப் பக்கத்துலயே ரூம் எடுத்துத் தங்கிக்கிறேன். பாத்தும் வச்சுட்டேன்."

எங்களுக்கு ஒரே பிள்ளை.

போன வருஷம் இதே ரோட்டில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று, தார்ப்பாய் படபடக்க, அவளை உரசித் தள்ளிவிட்டுப் போனது. அன்று தற்செயலாக நானும் அவள் பின்னால் வந்துகொண்டிருந்தேன். அவளுக்குக் கால் எலும்பு முறிந்தது, கூடியும் விட்டது. மறுபடி வண்டி எடுத்தாள். எனக்குத்தான் கூடவில்லை. லாரித் தார்ப்பாய் காற்றில் படபடக்கும் சத்தம் கேட்டால், வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே கை நடுங்கும். பயந்த கோளாறு என்று என் மனைவி கூட்டிப்போய் மந்திரிக்க வைத்துக் கயிறு கட்டினாள். நடுக்கம் நிற்கவில்லை.

திருச்சியிலிருந்து வாரம் ஒருநாள் பெரம்பலூருக்கு வரும் மனநல ஆலோசகர் ஒருவரைப் பற்றிச் சொன்னார்கள். கண் அசைவு மூலம் சிகிச்சை செய்கிறவர் என்றதும் மனைவி கேட்டாள்: "உங்க கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

போய்ப் பார்த்தேன். ஆலோசகர் அம்மாவுக்கு என்னைவிட வயது குறைவு. முதலில் சில வாரங்கள் பேச்சுதான். படபடப்பு வந்தால் மூச்சை எப்படி நிதானப்படுத்துவது என்று சொல்லிக்கொடுத்தார். பிறகு ஒருநாள் நாற்காலியை என் பக்கம் நெருக்கிப் போட்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நடந்ததுல எந்தக் காட்சி ரொம்பத் தொந்தரவு பண்ணுது?"

"தார்ப்பாய் தூக்கி அடிக்குது. அவ கீழ போறா."

"அதைப் பாக்கும்போது உங்களைப் பத்தி என்ன தோணுது?"

"என்னால ஒண்ணும் முடியாதுன்னு."

"பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள, வேதனை எவ்வளவு சார்?"

"பத்துக்கு மேல போட முடியாதா?" என்றேன். சிரித்தார்.

காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள் என்றதும், மந்திரிக்கும்போது உட்கார்ந்த பழக்கத்தில் கண்ணை மூடிக் கைகட்டிக்கொண்டேன். "கண்ணைத் திறங்க சார். இங்க மூடினா வேலை நடக்காது."

இரண்டு விரல்களை என் முகத்துக்கு எதிரே இடமும் வலமுமாக வீசினார். தலையை ஆட்டாமல் கண்ணால் மட்டும் தொடர வேண்டும். சிறிது நேரம் கழித்து நிறுத்தி, "இப்ப என்ன வருது?" என்பார். சொன்னால், "சரி, அதோட போங்க" என்று மறுபடி வீசுவார். முதலில் அதே தார்ப்பாய்தான். சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது, எழுந்து போய்விடலாம் போலிருந்தது. அரியலூரில் பார்த்துவைத்திருக்கும் ரூமை நினைத்து உட்கார்ந்திருந்தேன்.

பிறகு, அதுவரை என் நினைவில் இல்லாத ஒன்று வந்தது. புழுதியில் கிடந்தபடி அவள் கேட்டது: "அப்பா, என் போன் எங்க?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை மாதமும் அவள் விழுகிற இடத்திலேயே என் மனசு நின்றுபோயிருந்தது. ஆனால் அன்று விழுந்த பிறகு அவள் பேசினாள். நான் போனைத் தேடி எடுத்துக் கொடுத்தேன், துண்டால் அவள் காலைக் கட்டினேன், நடு ரோட்டில் நின்று ஒரு வேனை மறித்தேன்.

"இதெல்லாம் செஞ்சது யாரு சார்?"

"நான்தான்."

"இப்ப எவ்வளவு?"

"அஞ்சு."

இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டேன். மனசு ஒரு காலை அந்த ரோட்டிலும் ஒரு காலை இந்த அறையிலும் வைத்திருக்கும்போது, செரிக்காமல் கிடந்தது செரிக்கத் தொடங்குகிறது என்றார். எல்லாவற்றுக்கும் இன்னும் முழு விளக்கம் இல்லை என்பதையும் மறைக்கவில்லை. கணக்கு வாத்தியாருக்கு அந்த நேர்மை பிடித்தது.

அடுத்த திங்கட்கிழமை மகள் ஸ்கூட்டியை எடுத்தாள். நான் பைக்கைத் தொடவில்லை. பஸ் ஏறிக் குரும்பலூர் போனேன். வழியில் ஒரு டிப்பர் பஸ்ஸை ஒட்டிக் கடந்தது. வியர்த்தது. சொல்லிக்கொடுத்தபடி மூச்சை விட்டேன். முதல் பீரியடுக்கு நேரத்துக்குப் போய்ப் பாடம் எடுத்தேன். மனசு பலமுறை அரியலூர் ரோட்டுக்கு ஓடியது. ஒவ்வொரு முறையும் கரும்பலகைக்கு இழுத்து வந்தேன்.

சாயந்திரம் அவள் வீட்டுக்குள் நுழைந்ததும், "இன்னைக்குப் பின்னாடி யாருமே வரலையே" என்றாள்.

"வரலை. நாளைக்கும் வர மாட்டேன்."

பையை மேஜையில் வைத்தாள். "ரூமை இன்னும் வேண்டாம்னு சொல்லலைப்பா. மாசக் கடைசி வரைக்கும் வச்சிருக்கச் சொல்லியிருக்கேன்."

"வச்சிருக்கச் சொல்லு," என்றேன். "காலியாத்தான் கெடக்கும்."