ஏழு பேர் நின்ற ஆட்டம்

ஓ.டி. படிவத்தை எடுத்துக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்கியே என் முழங்கால் போயிற்று. செங்கல்பட்டுப் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லூரியின் விளையாட்டு அறையில் எனக்கு அட்டெண்டர் வேலை. பந்துக்குக் காற்றடிப்பது, பனியன்களைத் துவைத்துக் காயப்போடுவது, அப்புறம் இந்தப் படிவம். ஆட்டத்துக்குப் போன நாளை வகுப்புக்கு வந்த நாளாகக் கணக்கில் வைக்கிற காகிதம் அது. வகுப்பாசிரியர், துறைத் தலைவர், முதல்வர் என்று மூன்று கையெழுத்து வேண்டும்.

"உங்க பசங்க போட்ட கோலைவிட நான் போட்ட கையெழுத்து அதிகம்மா" என்பார் வணிகவியல் துறைத் தலைவர். நல்ல மனுஷர், வாயில்தான் மிளகாய். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். யார் எதைச் சுவையாகச் சொன்னாலும் மனசில் முடிந்துவைத்துக்கொள்வேன்.

இந்த வருடம் கால்பந்து லீக்கில் எங்களுக்கு ஆறு ஆட்டம். ஐந்தில் தோற்றாயிற்று. ஆறாவதற்குப் போகத்தான் வேண்டுமா என்று அணியிலேயே பேச்சு எழுந்தது. ஆனால் பாதியில் கழன்றுகொண்டால் ஆடிய ஐந்தும் செல்லாது. செல்லாத ஆட்டத்துக்கு ஓ.டி. கிடையாது.

அது இல்லாவிட்டால் கேப்டன் பரீட்சை எழுத முடியாது. கடைசி வருடம், செய்யூர்ப் பக்கத்துப் பையன். அவன் அப்பா வண்டியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு மாதம் கூடவே இருந்தான். வருகை குறைந்துவிட்டது. மருத்துவச் சான்றிதழ் கேட்டார்கள். அது நோயாளிக்குத்தான் தருவார்கள், கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்தவனுக்கு யார் தருவார்? ஆறு நாள் ஓ.டி.யும் சேர்ந்தால்தான் தேறுவான்.

ஆறாவது ஆட்டத்தன்றைக்கென்று பார்த்து கல்லூரிக்கு ஒரு கம்பெனி இன்டர்வியூ வந்தது. அணியில் மூன்று பேர் அதற்குப் போய்விட்டார்கள். இன்னும் சிலருக்குக் காய்ச்சல். உடற்கல்வி ஆசிரியர் கபடிப் பெண்களோடு அச்சரப்பாக்கம் போகவேண்டியிருந்தது. "நீங்களே கூட்டிட்டுப் போய்ட்டு வந்துடுங்கம்மா" என்று படிவத்தை என் கையில் கொடுத்துவிட்டார். மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறியது எட்டே பேர்.

பின்னால் நின்று தடுத்தாடுகிற 'பேக்' பையன், கேப்டனின் வகுப்புக்காரன், இன்டர்வியூவை விட்டுவிட்டு வந்திருந்தான். வழியெல்லாம் அவன் புலம்பல்தான்.

"இன்னா மச்சான், இந்நேரம் ஏசி ரூமுல குந்திகினு இருந்திருப்பேன். உன்னால மணல்ல உருளப் போறேன்."

"எறங்கிக்கோடா. திருக்கழுக்குன்றத்துல திரும்பிப் போற பஸ் கீது" என்றான் கேப்டன்.

"டிக்கெட் எடுத்துட்டேனே. வேஸ்ட்டாப் பூடுமே."

சவுக்குத் தோப்புக்குப் பின்னால் மைதானம். கால் வைத்தால் உள்ளே வாங்குகிற மணல். எதிரே பதினொரு பேர், வெளியே மாற்றுக்கு ஐந்து பேர். அரை மணி நேரத்திலேயே எங்களில் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகியது. தூக்கி வந்து என் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். நடுவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "ஏழு பேர் வரைக்கும் ஆட்டம் நடக்கும். ஆறு ஆச்சுன்னா விசில் ஊதி நிறுத்திடுவேன்மா, ஆட்டம் செல்லாது."

எட்டாவது கோல் விழுந்தபோது பேக் பையன் பொத்தென்று உட்கார்ந்தான். கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. இன்னும் இருபது நிமிடம் இருந்தது. கேப்டன் ஓடிவந்து அவன் காலை நீவினான்.

"ஓடாதடா. சும்மா நில்லு, போதும்."

"நிக்கவே முடியல மச்சான். காலு கல்லா கீது."

"கோல் போஸ்ட்டப் புடிச்சிகினு நில்லுடா."

"கீப்பர் ஏற்கெனவே அதத்தான் புடிச்சிகினு நிக்கறான்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவன் வெளியே வந்தால் ஆறுதான். "கோட்டத் தாண்டி வந்துடாத கண்ணு!" என்று கத்தினேன். அவன் எழுந்தான். ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு, கேப்டன் கொண்டுபோய் விட்ட இடத்திலேயே நின்றான். பந்து அவனைத் தாண்டித் தாண்டிப் போயிற்று.

"இன்னா பாஸ், செலை வச்சிகினு ஆடறீங்களா? மகாபலிபுரத்துல ஏற்கெனவே நெறைய கீதுப்பா!" என்றான் எதிரணியில் ஒருவன்.

"தொட்டுப் பாக்காதண்ணாத்த, ஃபைன் போடுவாங்க" என்று பல்லைக் கடித்தபடியே பதில் சொன்னான் எங்கள் பையன்.

நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. நடுவரின் மணிக்கட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விசில் ஊதியபோது பதினொன்றுக்குச் சுழி. ஏழு பேரும் நின்ற இடத்திலேயே படுத்துவிட்டார்கள். தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு நான்தான் ஒவ்வொருவனாகத் தேடிப் போனேன்.

திரும்பும் பஸ்ஸில் கேப்டனின் போனுக்குச் செய்தி வந்தது. இன்டர்வியூவுக்குப் போன மூன்று பேரையும் எடுத்துக்கொண்டார்களாம். அவன் போனைக் கவிழ்த்து வைத்தான். பேக் பையன் அதை நிமிர்த்திப் படித்துவிட்டு, கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"நல்ல கம்பெனிடா. வூட்டாண்டையே பஸ் வருமாம்" என்றான் அப்புறம்.

கேப்டன் அவன் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, செங்கல்பட்டு வரும்வரை பிடித்துவிட்டபடியே வந்தான்.

திங்கட்கிழமை படிவத்தோடு மாடி ஏறினேன். துறைத் தலைவர் பேனா மூடியைத் திறந்தார்.

"எத்தனை கோல்?"

"பதினொண்ணு சார்."

"நாமளா?"

"இல்ல சார்."

கேப்டனின் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டார். அவன் பரீட்சை எழுதுவான் என்று அந்த நிமிடம்தான் எனக்கு மூச்சு வந்தது. அடுத்து பேக் பையனின் பெயரில் பேனா நின்றது.

"இவனுக்கு எதுக்கும்மா ஓ.டி.? ஒரு நாள்கூட லீவு போடாத பையனாச்சே. இது இல்லாமலே தேறிடுவான்."

"தெரியும் சார். அவனுக்கும் போட்டுடுங்க."

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் போட்டார். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, முதல்வர் அறைக்கு இன்னொரு மாடி ஏறினேன்.